சொந்தமாகச் சேஸி கட்டப் போகிறீர்களா? ஏணி, முதுகெலும்பு, கூண்டு, தொட்டி: எது யாருக்கு?

"அண்ணா, ஸ்கொயர் பைப்பா, ரவுண்டு பைப்பா?" கோவையில் எங்கள் பட்டறைக்குள் நுழைந்ததுமே காலேஜ் பையன்கள் கேட்கிற முதல் கேள்வி இது. நாற்பது வயதில் ஆசை கிளம்பி வருகிற ஐ.டி. ஆட்கள் கேட்பது வேறு: "சார், கார்பன் ஃபைபர்ல பண்ணிட்டா என்ன?" மெல்பர்னில் இருக்கும் என் மச்சான் ஒன்றரை வருஷமாக இன்னொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பழைய லோட்டஸ் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி நடுவில் ஒரே ஒரு பெட்டிச் சட்டத்தைப் போட்டு, மேலே ஃபைபர் பாடியைக் கவிழ்த்துவிடலாமா என்று. இன்னும் ஒரு தகடுகூட அவன் வெட்டவில்லை.

மூன்று பேரும் தேடுவது எது 'பெஸ்ட்' சேஸி, அதாவது காரைத் தாங்கும் சட்டம், என்று. படித்துக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் பெஸ்ட்டாகத்தான் தெரியும். முதல் கார் கட்டுகிறவருக்கு நான் கொடுக்கும் கேள்வி இது: இந்தச் சேஸியில் நான் ஒரு தப்புப் பண்ணினால் அது என் கண்ணுக்குத் தெரியுமா, தெரிந்தால் என் கையாலேயே திருத்த முடியுமா? தப்பு நடக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். கீழே எல்லா வகையையும் இந்தக் கண்ணோடுதான் பார்த்திருக்கிறேன்.

## பைப் வாங்குவதற்கு முன்னால்

சேஸி என்றதும் எல்லோரும் பைப்பிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் டயர். எந்த டயர், எந்த வீல், எந்த ஹப் என்று முடிவானால்தான், சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கிற 'ஏ' வடிவக் கையான விஷ்போன் எங்கே பிடிக்க வேண்டும் என்பது தெரியும். அந்தப் புள்ளிகளைக் காகிதத்தில் குறித்துவிட்டு, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வைத்து, பெட்ரோல் டேங்க்கை வைத்து, கடைசியாக உங்களையே உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். பழைய பிளைவுட்டை வெட்டி ஒரு சீட், ஒரு ஸ்டீயரிங், மூன்று பெடல். அதில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் முட்டி எங்கே இடிக்கிறது என்பது புரிந்துவிடும். இவ்வளவும் ஆன பிறகு காற்றில் மிதக்கிற அந்தப் புள்ளிகளை எதைக் கொண்டு இணைப்பது என்பதுதான் சேஸிக் கேள்வி. நாலு சக்கரத்தின் பிடிப்புப் புள்ளிகளை ஒன்றுக்கொன்று நகராமல் வைத்திருக்கிற பெரிய பிராக்கெட், அவ்வளவுதான் அது.

சரி, எதை வைத்து எடைபோடுவது?

எங்கே ஓடப் போகிறது. இந்தியாவில் இதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி புது வண்டியின் மாதிரியைச் சோதனை அமைப்பிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அது தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதிய விதி. வீட்டில் ஒரே ஒரு கார் கட்டுகிறவருக்குத் தாங்காது. ஏற்கெனவே பதிவான காரை அறுத்துச் செய்யலாம் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆகவே இங்கே கட்டுகிற கார் டிராக்கில் ஓட, அல்லது சொந்த நிலத்தில் ஓட என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பிரிட்டனில் தனி வண்டிக்கு ஒப்புதல் தருகிற ஐ.வி.ஏ. சோதனை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தனி ஆள் கட்டும் காருக்கு முறுக்குச் சோதனை உண்டு. நாலு சிலிண்டர் எஞ்சின் என்றால் சேஸியை ஒரு டிகிரி முறுக்க 4,000 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தேவைப்படும் அளவுக்கு விறைப்பைக் காட்டியாக வேண்டும். மச்சானுக்கு இந்த எண்தான் தலைவிதி.

முறுக்கு விறைப்பு. ஒரு தீப்பெட்டியை எடுத்து உள்தட்டை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கினால் குழைந்து கொடுக்கும். அதே தட்டை உறைக்குள் தள்ளிவிட்டு முறுக்கிப் பாருங்கள், அசையாது. எடை சில கிராம்தான் கூடியது, ஆனால் பெட்டி மூடிக்கொண்டது. காரும் அப்படித்தான். வளைவில் திரும்பும்போது சேஸி இப்படிப் பிழியப்பட்டால், அது ஷாக் அப்ஸார்பர் இல்லாத ஐந்தாவது ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். அப்புறம் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கிற ஆன்ட்டி ரோல் பாரை எவ்வளவு மாற்றினாலும் கார் பேச்சைக் கேட்காது.

கையில் என்ன இணைப்பு வேலை இருக்கிறது. ராடு வெல்டிங் மட்டுமா, சிஓ2 வெல்டிங் இருக்கிறதா, ஆர்கான் வெல்டிங் பிடிக்கிற ஆள் இருக்கிறாரா, ரிவெட்டும் பசையுமா?

பழுது. இடித்தால், விரிசல் விட்டால் தெரியுமா, வெட்டி மாற்ற முடியுமா?

ஏறி இறங்குவது. இதைச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிறவர்கள் பிறகு வருத்தப்படுவார்கள்.

செலவைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஒவ்வொரு வகையிலும் அது வேறு வேறு இடத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது.

## ஏணிச் சட்டம்

இரண்டு நீள பீம், நடுவில் நாலைந்து குறுக்குச் சட்டம். லாரியின் அடியில் குனிந்து பார்த்த எல்லோருக்கும் தெரிந்த வடிவம். ஏ.சி. கோப்ரா இதில்தான் ஓடியது. முதலில் 3 அங்குல விட்டமுள்ள இரண்டு உருளைக் குழாய்கள், 1965இல் வந்த மூன்றாம் மாடலில் 4 அங்குலம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. லாரியைப் பார்த்து, ஒரு பக்கம் திறந்திருக்கிற சி-சேனல் வாங்கிவிடாதீர்கள். லாரிக்குச் சட்டம் கொஞ்சம் முறுக்கிக் கொடுப்பது தேவை, ஸ்போர்ட்ஸ் காருக்கு அது விஷம். 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள ஒரு பைப்பை நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுத்துத் திறந்துவிட்டால், அதன் முறுக்கு விறைப்பு 400 மடங்குக்கு மேல் விழுந்துவிடும். உலோகம் அப்படியேதான் இருக்கிறது, மூடிய வடிவம்தான் போய்விட்டது. தீப்பெட்டி ஞாபகம் இருக்கட்டும்.

100க்கு 50, 3 மி.மீ. சுவருள்ள ரெக்டாங்கிள் பைப் மீட்டருக்கு 6.8 கிலோ. ஒரு சின்ன இரண்டு சீட் காருக்குப் பத்து மீட்டர் போனால் 68 கிலோ. 'அட, அவ்வளவுதானா' என்று தோன்றும். மறைந்திருக்கும் கணக்கு அதற்கு மேல்தான் வருகிறது. ஏணி தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. ஸ்டீயரிங் காலம், பெடல் பாக்ஸ், சீட் பெல்ட், கதவுக் கீல், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கிற ரோல் ஹூப் எல்லாவற்றுக்கும் மேலே தனித்தனியாக ஏதாவது எழுப்ப வேண்டும். அந்த எடையும் வேலையும் சேஸிக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. எல்லாம் முடிந்த பிறகும் இந்தப் பட்டியலில் விறைப்பு குறைந்தது இதுதான்.

ஆனால் தப்பைத் திருத்துவதில் ஏணிக்கு நிகர் கிடையாது. பீம் இரண்டும் இணையாக இருக்கிறதா என்று மூலைக்கு மூலை டேப் பிடித்தால் தெரிந்துவிடும். வீட்டுக்குக் கடைக்கால் கோடு போடும்போது கொத்தனார் கயிறு பிடிப்பாரே, அதே வேலை. பிராக்கெட் தப்பான இடத்தில் விழுந்தால் அறுத்து நகர்த்தலாம். பழைய கால பாணியில் உயரமான பானெட், கனமான எஞ்சின், மேலே ஃபைபர் பாடி என்று ஆசை இருந்தால், அல்லது ஐம்பதைத் தாண்டிய இடுப்போடு காலை உயரத் தூக்காமல் ஏற வேண்டும் என்றால், ஏணி கெட்ட முடிவில்லை. நடுவில் குறுக்குச் சட்டத்துக்குப் பதில் பெரிய எக்ஸ் வடிவம் போடுங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும்.

## முதுகெலும்புச் சட்டம்

மச்சானின் காதல். 1962இல் வந்த லோட்டஸ் ஈலானில் இதுதான் சேஸி. மடித்த இரும்புத் தகட்டால் ஆன ஒரு நீளப் பெட்டி, இரண்டு சீட்டுக்கும் நடுவே ஓடும். முன்னும் பின்னும் இரண்டு கவட்டையாகப் பிரிந்து எஞ்சினையும் டிஃபரன்ஷியலையும் பிடித்துக்கொள்ளும். டெலோரியனுக்கும் லோட்டஸ் இந்த வழியில்தான் சேஸி செய்து கொடுத்தது. பெரிய மூடிய பெட்டி என்பதால் கொடுத்த இரும்புக்கு நல்ல முறுக்கு விறைப்பு வரும். தகட்டை வெட்டி, பிரஸ் பிரேக் என்கிற மடிப்பு மெஷினில் மடித்து, ஓரத்தை வெல்டு செய்தால் முடிந்தது. நூறு பைப்பின் வாயை வெட்டிக்கொண்டிருக்கிற வேலை இல்லை. பார்க்கவும் அழகு, ஒத்துக்கொள்கிறேன்.

என் தயக்கம் மூன்று. முதலாவது, பக்கவாட்டில் இடித்தால் உங்களுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே ஃபைபர் பாடியைத் தவிர எதுவும் கிடையாது. அதைச் சரிசெய்ய இரண்டு பக்கமும் இரும்பைச் சேர்த்தால் முதுகெலும்பின் எடை லாபம் போய்விடும். இரண்டாவது, கதவு, கீல், சீட் பெல்ட் பளுவெல்லாம் பாடியின் தலையில் விழும். அப்படியானால் பாடி அச்சு வெறும் அழகுக்கு இல்லை, அதையும் கணக்குப் போட்டுத்தான் கட்ட வேண்டும்.

மூன்றாவது துரு. மூடிய பெட்டிக்குள்ளே நடப்பது யாருக்குத் தெரியும்? ஈலானில் ஒரு வேடிக்கை உண்டு. அதன் மடக்கு ஹெட்லைட்டுகளைத் தூக்குகிற வேக்குவத்துக்குத் தொட்டியாக முன்பக்கக் குறுக்குச் சட்டத்தையே பயன்படுத்தினார்கள். சட்டம் உள்ளே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் வேக்குவம் போய்விடும். ஆரம்ப மாடல்களில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விளக்கு மெல்லக் கண்ணை மூடும். சேஸி உளுத்துப்போனதை ஹெட்லைட் வந்து சொல்கிற கார்! உங்கள் பெட்டிக்கு அப்படிச் சொல்ல ஆள் கிடையாது, ஆகவே கால்வனைஸ் செய்யும் செலவை முதலிலேயே எழுதிவையுங்கள். அந்தக் கொதிக்கிற துத்தநாகத் தொட்டியில் முக்கும்போது மெல்லிய தகடு கோணாமல் வெளியே வர வேண்டும் என்பது தனிக் கவலை.

தகடு மடிப்பதில் கை தேர்ந்தவர், ஃபைபர் பாடியும் அவரே போடுவார், இரண்டே சீட் என்றால் இது சரியான தேர்வு. மச்சான் கணக்காளர்.

## குழாய்க் கூண்டு, அதாவது ஸ்பேஸ்ஃப்ரேம்

பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து நிற்கிற இடம். நானும் இங்கேதான் நிற்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

தத்துவம் எளிது. முக்கோணத்தின் மூலையைத் தள்ளினால் அது உருமாறாது, சதுரம் உருமாறும். ஆகவே எல்லாச் சதுரத்திலும் ஒரு மூலைவிட்டம் போட்டு, எல்லாப் பளுவையும் பைப்புகள் சந்திக்கிற முடிச்சுகளில் மட்டும் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு பைப்பும் இழுபடவோ நசுங்கவோ செய்யும், வளையாது. மெல்லிய பைப்பே போதும். விஷ்போன் பிராக்கெட்டை ஒரு பைப்பின் நட்ட நடுவில் ஒட்டிவைத்த கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது கூண்டு இல்லை, பைப்பால் கட்டிய மேஜை.

சிக்கல் உட்காருமிடத்தில்தான். நீங்கள் ஏறி உட்கார ஒரு பெரிய ஓட்டை வேண்டும், அதன் குறுக்கே மூலைவிட்டம் போட முடியாது. 1954இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரின் கதவுகள் சிறகு மாதிரி மேலே திறப்பதற்கு ஸ்டைல் காரணமில்லை. கூண்டுக்கு விறைப்பு வேண்டுமென்று பக்கவாட்டுச் சட்டத்தை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோனார்கள், சாதாரணக் கதவுக்கு இடமே இல்லாமல் போனது. 1957இல் ரோட்ஸ்டர் செய்தபோது கூண்டின் பக்கத்தைத் தாழ்த்திய பிறகுதான் சாதாரணக் கதவு வந்தது. உங்கள் டிசைனிலும் இந்தப் பேரம் வரும். கதவு வேண்டாம், தாண்டி ஏறிக்கொள்கிறேன் என்றால் கூண்டு உங்களுக்கு அள்ளிக் கொடுக்கும்.

இன்னொரு கோடிக்குப் போனவர்கள் மஸராட்டிக்காரர்கள். 1959இல் வந்த டிப்போ 61 காரில் ஏறக்குறைய 200 மெல்லிய பைப் துண்டுகள். அதனால்தான் 'பறவைக் கூண்டு' என்ற பட்டப்பெயர். அத்தனை முடிச்சையும் வெல்டு செய்கிற பொறுமை உங்களுக்கு இருந்தால் கார் கட்ட வேண்டாம், நகை வேலைக்குப் போகலாம்.

### ஸ்கொயரா, ரவுண்டா

பையன்களின் கேள்விக்கு வருவோம். 25 மி.மீ. ஸ்கொயர் பைப், 1.6 மி.மீ. சுவர்: மீட்டருக்கு 1.18 கிலோ. ஒரு அங்குல ரவுண்டு, அதே சுவர்: 0.94 கிலோ. ஸ்கொயர் கால் பங்கு கூடுதல் எடை. ஆனால் வளைவதை எதிர்ப்பதில் அது 60 சதவீதம் கூடுதல். ரவுண்டுதான் பெரிய ஆள் என்ற பேச்சு அவ்வளவு உண்மை இல்லை.

பட்டறையில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஸ்கொயரைக் கோணம் பார்த்து நேராக அறுத்து வைத்தால் பொருந்தும். ரவுண்டு பைப்பை இன்னொரு ரவுண்டு பைப்போடு சேர்க்க மீன் வாய் மாதிரி வளைவாகக் குடைய வேண்டும். இடைவெளி அரை மில்லிக்கு மேல் போனால் வெல்டர் திட்டுவார். ஒரு கூண்டில் நூறு முனைக்குக் குறையாது, ஒரு முனைக்குக் கால் மணி என்று போட்டுப் பாருங்கள். டியூப் லேசரில் கொடுத்தால் வாயெல்லாம் வெட்டியே வரும், ஆனால் டிராயிங்கில் விட்ட தப்பும் நூறு துண்டாக வெட்டி வரும். தவிர ஸ்கொயர் பைப்பில் தரைத் தகட்டை ரிவெட் அடிக்கலாம், பிராக்கெட் உட்காரத் தட்டையான முகம் இருக்கிறது. பிரிட்டனில் குறைந்த செலவில் கட்டுகிற லோகாஸ்ட் கார்களெல்லாம் இந்த 25 மி.மீ. ஸ்கொயரில்தான். ரோல் ஹூப் மட்டும் எப்போதும் வளைத்த ரவுண்டு, அதில் விளையாட வேண்டாம்.

### சாதா இரும்பா, குரோமோலியா

'4130 குரோமோலி போட்டால் இரண்டு மடங்கு ஸ்ட்ராங் இல்லையா அண்ணா?' குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த அலாய் இரும்பு அது. பலத்தில் பாதி உண்மை, விறைப்பில் பொய். இரும்பு எந்த வகையானாலும் அதன் மீள் குணகம், அதாவது பொருளின் விறைப்பைச் சொல்லும் எண், ஏறக்குறைய ஒன்றுதான், 200 கிகாபாஸ்கல். அதே அளவு பைப்பில் குரோமோலி போட்டால் கார் ஒரு துளிகூடக் கூடுதலாக விறைக்காது. மெல்லிய சுவருக்குப் போனால்தான் எடை குறையும், விறைப்பும் கூடவே குறையும். காலேஜ் மாணவர்கள் ரேஸ் கார் கட்டிப் போட்டியிடுகிற ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகள்கூட அலாய் இரும்பு என்பதற்காகக் குறைந்தபட்சச் சுவர்த் தடிமனில் சலுகை தருவதில்லை. ஆர்கான் வெல்டிங் ஆள், அதற்கேற்ற ஃபில்லர், பல மடங்கு விலை, கிடைப்பதற்குக் காத்திருப்பு என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதல் காருக்குத் தேவையில்லை.

சாதா இரும்பிலேயே எதை வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம். தண்ணீர்க் குழாய்க்கான பைப் வேண்டவே வேண்டாம். கேட் கிரில் செய்கிற கடைப் பைப்பில் சுவர் ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் இருக்கும். வாகனத்துக்கான ஐ.எஸ். 3074 தரக் குழாயைக் கேட்டு வாங்குங்கள். ஆவடியிலேயே துல்லியக் குழாய் ஆலை இருக்கிற மாநிலம் நம்முடையது, கிடைக்காமல் போகாது. வாங்கும்போது வெர்னியர் காலிப்பரைக் கையில் கொண்டுபோங்கள். 1.6 என்று எழுதிய பைப் 1.3 காட்டினால் கடைக்காரரிடம் சண்டை வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள்.

### கூண்டின் உண்மையான செலவு

25 மி.மீ. பைப் 50 மீட்டர் போனாலும் 59 கிலோதான். அந்த இரும்பு மலிவு. விலை அதைக் கட்டுகிற மேஜையில் இருக்கிறது. இரண்டு ஐ-பீமைப் போட்டு, கொத்தனாரின் தண்ணீர் டியூப்பை வைத்து மட்டம் பார்த்து, அசையாமல் தரையில் இறுக்கிய ஒரு மேஜை. அது இல்லாமல் கூண்டு நேராக வராது.

என் முதல் கூண்டில் மேஜை இருந்தது, பொறுமை இல்லை. எல்லா முனையிலும் டாக், அதாவது சின்னப் பொட்டு வெல்டு, மட்டும் அடித்துவிட்டு, இடது வலது என்று மாற்றி மாற்றி, மேலே கீழே தாவித் தாவித்தான் முழு வெல்டு அடிக்க வேண்டும். நான் இடது பக்கம் முழுக்க ஒரே மூச்சில் அடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் க்ளாம்பைக் கழற்றியதும் 'டங்' என்று ஒரு சத்தம். இடது முன் விஷ்போன் புள்ளி 7 மி.மீ. மேலே நின்றது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. கட்டிங் வீலால் மூன்று மூலைவிட்டத்தை அறுத்தோம், ஜாக்கி வைத்து அழுத்திப் புள்ளியை இடத்துக்குக் கொண்டுவந்தோம், புதுப் பைப்பைப் போட்டு மறுபடி வெல்டு அடித்தோம். இரண்டு நாள் வேலை, ஐந்நூறு ரூபாய்க்குள் இரும்பு. அந்தக் கார் இன்றும் ஓடுகிறது. ஏணியைத் தவிர மற்ற எந்த வகையிலும் 7 மி.மீ. தப்பை இப்படிக் கழுவியிருக்க முடியாது.

கோவையில் கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டிய காலத்திலிருந்து, இன்று அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கும் டிராக்கில் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வருகிற காலேஜ் கார்கள் வரை, இந்த ஊர்க் கைகளுக்குப் பழக்கமானது பைப்தான். இடித்து வளைந்தால் அறுத்து ஒட்டத் தெரிந்த ஆள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அதுவும் ஒரு காரணம்தானே?

## அலுமினியம்

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். அலுமினியப் பைப்பில் வெல்டு அடித்துக் கூண்டு கட்டாதீர்கள். 6061 போன்ற அலாயில் வெல்டு சூடு பட்ட இடத்தின் பலம் பாதியளவுக்கு இறங்கிவிடும். பிறகு முழுக் கூண்டையும் சூட்டுப் பதப்படுத்த உலைக்கு எங்கே போவது? 1969இல் போர்ஷே 917 காருக்கு அலுமினியக் கூண்டு போட்டார்கள், 42 கிலோதான். ஆனால் பைப்புகளுக்குள் அழுத்தத்தில் வாயுவை அடைத்து வைத்தார்கள். எங்காவது வெல்டில் விரிசல் விட்டால் அழுத்தம் இறங்கிக் காட்டிக்கொடுக்கும் என்று. போர்ஷேவுக்கே அந்தப் பயம்.

அலுமினியத்தின் சரியான வழி தகடு. 1962இல் லோட்டஸ் 25 ஃபார்முலா 1 கார் செய்த மாதிரி, மடித்த தகடுகளை ரிவெட் அடித்துத் தொட்டியாக்குவது. தீப்பெட்டியின் உறை. 1996இல் வந்த லோட்டஸ் எலீஸ் இன்னொரு படி போய், அச்சில் பிழிந்தெடுத்த அலுமினியச் சட்டங்களை எபாக்ஸிப் பசையால் ஒட்டி 68 கிலோவில் சேஸியை முடித்தது. பசையும் ரிவெட்டும் என்றால் வெல்டு சூடு கிடையாது, கோணல் கிடையாது. வெல்டிங்கே தெரியாத, ஆனால் பொறுமையும் சுத்தமும் உள்ள ஆளுக்கு இது நிஜமாகவே நல்ல வழி.

சுத்தம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எண்ணெய்க் கை பட்ட இடத்தில் பசை ஒட்டியதுபோலத் தெரியும், ஒட்டியிருக்காது. வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியாது. இரும்பு பிராக்கெட்டும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டு ஈரம் பட்டால் அரிப்பு தொடங்கும். ஒரு முறை பையன்கள் கொண்டுவந்த தொட்டியில் பின் சஸ்பென்ஷன் ஓட்டை 4 மி.மீ. தள்ளி விழுந்திருந்தது. இரும்பென்றால் நிரப்பி மறுபடி துளைக்கலாம். அங்கே பின் தடுப்பு முழுவதையும் ரிவெட்டை உடைத்துப் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று. பசை விடவில்லை. தகடு கிழிந்துதான் வந்தது.

## கார்பன்

சுருக்கமாகவே முடிக்கலாம். 1981இல் மெக்லாரன் எம்.பி.4/1 கார்பன் தொட்டியோடு வந்தது, அதே வருஷம் மோன்சாவில் ஜான் வாட்சன் பயங்கரமாக இடித்துவிட்டு நடந்து வெளியே வந்தார். அதன் பிறகு ரேஸ் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு கார்பன் தொட்டி என்பது மூன்று தொட்டி. முதலில் மாதிரி, அதன்மேல் அச்சு, அச்சுக்குள் கடைசிப் பொருள். பிசின் ஏற்கெனவே ஊறிய பிரீப்ரெக் துணி என்றால் ஃப்ரீசர், வேக்குவம் பம்ப், கார் நுழைகிற அடுப்பு. பளு இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளே கட்டை வைத்திருக்க வேண்டும், எங்கே என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். உள்ளே படலம் பிரிந்தால் கண்ணுக்குத் தெரியாது. பத்துக் கார் செய்வதாக இருந்தால் வாருங்கள், பேசுவோம். ஒரே கார் என்றால் கார்பன் ஆசையை பானெட்டிலும் சீட்டிலும் தீர்த்துக்கொள்ளுங்கள். பணம் உள்ள காலேஜ் டீம் என்றால், தேன்கூட்டுப் பேனலை வெட்டி மடித்து ஒட்டுகிற வழி ஒன்று இருக்கிறது, அச்சுச் செலவு மிச்சம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஏணி | முதுகெலும்பு | இரும்புக் கூண்டு | அலுமினியத் தொட்டி | கார்பன் |
|---|---|---|---|---|---|
| முக்கியத் தேவை | சிஓ2 வெல்டிங் | பிரஸ் பிரேக், வெல்டிங் | மட்டமான மேஜை, நல்ல வெல்டர் | மடிப்பு, ரிவெட், பசை, சுத்தம் | அச்சு, அடுப்பு, வேக்குவம் |
| முறுக்கு விறைப்பு | குறைவு | நன்று | நன்று, மூலைவிட்டம் சரியாக இருந்தால் | மிக நன்று | உச்சம் |
| தப்பு தெரியுமா | உடனே | வெளியே மட்டும் | உடனே | பசைக்குள் தெரியாது | தெரியாது |
| திருத்தலாமா | எளிது | ஓரளவு | எளிது | கடினம் | நிபுணர் வேண்டும் |
| ஏறி இறங்க | சுகம் | சுகம் | கால் தூக்க வேண்டும் | கால் தூக்க வேண்டும் | கால் தூக்க வேண்டும் |
| ஒளிந்த செலவு | மேல்கட்டு எடை | பக்கப் பாதுகாப்பு, துரு | மேஜை, முனை வெட்டும் நேரம் | மேற்பரப்புத் தயாரிப்பு, மறுவேலை | மாதிரியும் அச்சும் |

யாராவது 'ரெடிமேட் சேஸி வாங்கினால் என்ன' என்று கேட்டால் நான் மறுக்க மாட்டேன். பிரிட்டனில் இருப்பவர்களுக்கு அது கிடைக்கிறது, ஓட்டுவதுதான் ஆசை என்றால் வாங்கிவிடுங்கள். கட்டுவதுதான் ஆசை என்றால் வாங்கிய அன்றே பாதி சந்தோஷம் போய்விடும்.

## எதைக் கட்டினாலும், பெயின்ட்டுக்கு முன்

பவுடர் கோட்டிங் அடித்த பிறகு விரிசலும் தெரியாது, வெட்டி ஒட்டவும் மனசு வராது. ஆகவே பச்சை இரும்பாக இருக்கும்போதே ஒரு சோதனை. பின் சஸ்பென்ஷன் புள்ளிகளைத் தரையோடு இறுக்கிவிடுங்கள். முன்பக்கத்தின் நட்ட நடுவில் கீழே ஒரு உருளைக் கம்பியை வைத்து, சேஸி அதன்மேல் ஆடும்படி விடுங்கள். முன்னால் குறுக்கே ஒரு தடித்த பைப்பைக் கட்டி, நடுவிலிருந்து சரியாக ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சிமென்ட் மூட்டையைத் தொங்கவிடுங்கள். 50 கிலோ, ஒரு மீட்டர், ஆக 490 நியூட்டன் மீட்டர். சேஸியின் முன் ஓரத்தில், நடுவிலிருந்து 300 மி.மீ. தள்ளி, சின்ன அசைவையும் முள்ளால் காட்டுகிற ஒரு டயல் கேஜ்.

போன மாதம் எங்கள் பட்டறையில் ஒரு கூண்டில் முள் 1.2 மி.மீ. காட்டியது. கணக்குப் போட்டால் டிகிரிக்கு 2,100 சொச்சம். எஞ்சின் அறையின் மேல் ஒரே ஒரு மூலைவிட்டத்தை டாக் மட்டும் அடித்துவிட்டு மூட்டையை மறுபடி தொங்கவிட்டோம். 0.8. கிட்டத்தட்ட 3,200. ஒரு மீட்டர் பைப், 1.2 கிலோ. ஆனால் அந்தப் பைப் இருந்தால் எஞ்சினை மேலே தூக்க முடியாது என்பதால் இப்போது அதைப் போல்ட் போட்டுக் கழற்றுகிற மாதிரி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

மச்சானிடம் சொல்லியிருக்கிறேன்: ஏணியோ முதுகெலும்போ உன் இஷ்டம், ஆனால் அதே இடத்தில் முள் 0.6ஐத் தாண்டக் கூடாது. அங்கே சிமென்ட் மூட்டை 20 கிலோதானாம். இரண்டரை மூட்டைக்கு எங்கே போவது என்று கேட்டு நேற்று மெசேஜ் அனுப்பியிருக்கிறான்.